இடது முன்சக்கரம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்
திறந்து கிடந்த அபூர்வ மதியம்.
அம்மாப்பேட்டையிலிருந்து எங்கும் நிற்காமல் வந்த கார்
பட்டறைக்குள் நுழையும் முன்பே
அதன் கருகல் வாடை நுழைந்துவிட்டது.

"பிரேக்கிலேருந்து காலை எடுத்த பிறகும்
இடப்பக்கமே இழுக்குது.
பேடு மாத்தி ஏழு மாசம்தான் ஆவுது"
என்றார் வசந்தகோகிலம்.
ஆற்றுப் பிரிவில் உதவிப் பொறியாளர்.
செருப்பில் வெண்ணாற்று வண்டல் காய்ந்திருந்தது.

மக்குத் தண்ணீரில் விரலை நனைத்து
நான்கு சக்கரத்திலும் உதறினேன்.
மூன்று பேசாமல் இருந்தன.
இடது முன்சக்கரம் மட்டும்
தோசைக்கல் போல் சுர்ரென்றது.

ஜாக்கி வைத்துக் கழற்றினேன்.
மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல்தான்
எனக்கு அளவுகோல்.
வலப்பக்கம் உள்பேடு எட்டு, வெளிபேடு எட்டு,
ஒட்டிப் பிறந்தவை மாதிரி.
இடப்பக்கம் வெளிபேடு ஏழு.
உள்பேடு
மேல் ஓரம் ஐந்து,
கீழ் ஓரம் ஒன்றரை.
பேடு இல்லை அது, ஆப்பு.

"மட்டமான பேடா?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
எல்லாரும் நம்புகிற பதில் அது.
ஆனால் மட்டமான பேடு
தன் பக்கத்துப் பேடையும் சேர்த்துத்தான் தேயும்,
இப்படிச் சாய்ந்து தேயாது.

நிப்பிளைத் திறந்து பார்த்தேன்,
ஹோஸுக்குள் அழுத்தம் எதுவும் தேங்கவில்லை.
கிளாம்ப் போட்டு பிஸ்டனைத் தள்ளினேன்,
வெண்ணெயில் விரல் இறங்குவது போல் இறங்கியது.
மிச்சம் இருப்பவை
காலிப்பர் நகர்ந்து வரும் இரண்டு பின்கள்.
மேல் பின் இரண்டு விரலுக்கே வந்தது.
கீழ் பின்
ஸ்பானருக்கும் வரவில்லை.

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்:
"ரெகுலேட்டர்ல ஒரு பக்கத் திருகு இறுகிட்டா
ஷட்டர் சாஞ்சுதான் இறங்கும்.
அதேதானே?"
அதேதான்.
நான் கால் மணி நேரம் விளக்க இருந்ததை
முன்கூட்டியே முடித்துவிட்டார்.

சூடு காட்டி, சுத்தியலால் தட்டி,
முறுக்கி முறுக்கிப் பிடுங்கினேன்.
கூடவே வந்தது ரப்பர் உறை,
குழம்பில் ஊறிய அப்பளம் போல உப்பி.
"எலி கடிச்சிருக்கா?"
நாற்றங்கால் நாள்கள் இவை.
இந்தப் பக்கத்தில் ஒயர் அறுந்தால் எலி,
ஹோஸ் ஒழுகினால் எலி,
இன்ஷூரன்ஸ்காரரே எழுதிக்கொள்வார்.

பல் தடம் ஒன்றுகூட இல்லை.
பின்னில் படிந்திருந்தது சிவப்பு கிரீஸ்.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும்.
அலமாரியின் இரண்டாம் தட்டில்,
மூடி தொலைந்த டப்பாவில் இருக்கிறது.
டிராக்டர் பேரிங்குக்கு வாங்கியது.
தை மாதம்.
அறுவடை மெஷின்கள் வாசல்வரை வரிசை.
பிரேக்குக்கான கிரீஸ் டியூப் தீர்ந்திருந்தது,
மன்னார்குடி போய்வர ஒரு மணி நேரம்.
ஒரு தடவைதானே என்று
அந்த டப்பாவில் விரலை விட்டேன்.
ரப்பரை உப்ப வைக்கும் என்று
தெரியாமல் இல்லை.

"எலி இல்லீங்க" என்றேன்.
அதற்கு மேல் வாய் வரவில்லை.
பொறியாளர் அல்லவா,
பின்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.
கேட் மூடும் மணி அடித்தது.
"பில்லுல என்ன எழுதுவீங்க?"
என்று மட்டும் கேட்டார்.

எதுவும் எழுதவில்லை.
புதுப் பின், புது உறை, இரண்டு பக்கமும் புதுப் பேடு.
ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டிப்போய்
அழுத்தி அழுத்தி நிறுத்தித்
திரும்பி வந்து தண்ணீர் உதறினேன்.
நான்கும் பேசவில்லை.

அவர் போன பிறகு
நோட்டில் தை மாதப் பக்கத்தைப் புரட்டினேன்.
அவருடைய வண்டி எண்ணுக்குக் கீழே
அதே வாரத்தில், அதே கையெழுத்தில்,
இன்னும் ஆறு வண்டிகள்.
வலங்கைமான் டாக்டருடையது ஒன்று.
பள்ளிக்கூட வேன் ஒன்று.

கையிலிருந்த சிவப்பை வேட்டியில் துடைத்தேன்.
முதலில் வேன்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது,
இன்னும் எடுக்கவில்லை.